இருமுகிற பூனை, இளைக்கிற பூனை

"டாக்டர், வாந்தி எடுக்கப் பாக்குது, ஆனா ஒண்ணும் வெளியே வரமாட்டேங்குது. முடி அடைச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் வந்து சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். பூனை இருமுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. முன்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விரித்து, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, வறட்டுச் சத்தத்தோடு நாலைந்து முறை காற்றை வெளியே தள்ளும். முடிந்ததும் எச்சிலை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். இதுதான் பூனையின் இருமல். வாந்தியென்றால் வயிறு உள்ளே இழுத்து இழுத்துத் துடிக்கும். கடைசியில் சோறோ நுரையோ முடியோ ஏதாவது வெளியே வந்து விழும். ஒன்றும் வராமல் இதே காட்சி வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் அது முடி உருண்டை அல்ல. நுரையீரலோ மூச்சுக்குழாயோ ஏதோ சொல்கிறது.

மேசைமேல் வைத்தால் பூனை இருமாது. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும். அதனால் போனிலேயே, "அடுத்த தடவை அப்படிப் பண்ணும்போது தூக்காதீங்க, செல்போன்ல படம் எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவேன். அரை நிமிட வீடியோ எனக்கு அத்தனை உதவி. அது இருமலா, ஓக்களிப்பா, மூக்கடைப்பில் வரும் தும்மலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு தராசு. என் அறையில் எதைத் தொடுவதற்கு முன்னும் எடை பார்ப்பேன், எழுதுவேன். பழைய சீட்டு இருந்தால் அதில் எழுதியிருக்கும் எடையோடு ஒப்பிடுவேன். நாலு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இறங்கினால் வீடே பதறும். பூனையிடம் யாருக்கும் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். தினமும் கூடவே இருப்பவர்கள் கண்ணுக்கு அது என்றும் ஒரே பூனைதான். ஊரிலிருந்து ஆறு மாதம் கழித்து வரும் மகன்தான், "என்னம்மா, இது இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்பான். முதுகெலும்பின் இருபுறமும் விரலை ஓட்டிப் பார்த்தால் சதை கரைந்திருப்பது கைக்குத் தெரியும். பானை வயிறோடு இருக்கும் பூனையின் முதுகிலும் அந்த எலும்பு கூர்மையாகத் தட்டுப்படுவது உண்டு. எல்லாரும் வயிற்றைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள்.

இருமல், எடைக் குறைவு. இரண்டும் இருக்கிறது என்று தெரிந்தபின் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எது முதலில் வந்தது? பூனை முதலில் இருமத் தொடங்கிப் பிறகு இளைத்ததா, இளைத்துக்கொண்டே வந்து பிறகு இருமத் தொடங்கியதா? இருமலே இல்லாமல் மூச்சு மட்டும் வேகமாக ஓடுகிறதா? இந்த வரிசையை வீட்டார் நிதானமாக யோசித்துச் சொல்லிவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

இருமுகிறது, ஆனால் தின்கிறது, விளையாடுகிறது, எடையும் கிட்டத்தட்ட அப்படியே. இந்தப் பூனைகளுக்குப் பெரும்பாலும் ஆஸ்துமா. மனிதர்களுக்கு வருகிற அதே ஆஸ்துமாதான். மூச்சுக்குழாய் ஒவ்வாமையால் வீங்கிச் சுருங்குகிறது. சயாமீஸ் வகையில் கூடுதலாகப் பார்க்கிறோம், ஆனால் நாட்டுப் பூனைகளுக்கும் தாராளமாக வரும். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாயின் சுவர்கள் தடித்து ரயில் தண்டவாளம் போல இணைகோடுகளாகத் தெரியும். சில பூனைகளுக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஆஸ்துமா இருக்கும். படத்தை மட்டும் நம்பி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

சென்னை வீடுகளில் இதைத் தூண்டிவிடுகிற பொருள்கள் எனக்கு மனப்பாடம். கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட், தூசி கிளம்பும் பூனை மணல், புதிதாக அடித்த பெயின்ட். மயிலாப்பூரில் ஒரு சிறிய ஃபிளாட். பூனையின் பெயர் சிட்டு, ஐந்து வயது. காலையும் மாலையும் பூஜை, இரவு முழுக்கக் கொசுவத்தி. பூனை படுத்திருந்தது அந்தச் சுருளுக்கு ஓரடி தள்ளி. வீட்டுப் பெரியவரிடம், "புகையை மட்டும் நிறுத்திப் பாருங்க சார், விளக்கு ஏத்துங்க, வலை கட்டுங்க" என்றேன். அவர் தயங்கவில்லை. இருமல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு மருந்து போதுமானதாக இருந்தது.

மருந்து என்றால் முதலில் சில நாள் பிரெட்னிசோலோன் மாத்திரை. கூடவே ஃபுளூட்டிகாசோன் இன்ஹேலர். இன்ஹேலரின் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் அதுவரை மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது. கைக்குழந்தைகளுக்கான ஸ்பேசரும் முகமூடியும் பூனைக்கும் சரியாகப் பொருந்தும். "குழந்தைக்கு என்ன வயசு?" என்று மருந்துக்கடையில் கேட்பார்கள். பழக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் சில நாள் மருந்தே இல்லாமல் முகமூடியைத் தரையில் வைத்து, அதன் விளிம்பில் கொஞ்சம் மசித்த மத்தி மீன். அடுத்து முகமூடிக்குள் மீன். பிறகு மூக்கருகே பிடித்து ஒரு நொடி. ஒரு வாரத்தில் பெரும்பாலான பூனைகள் தாமாக முகத்தை நீட்டும். ஏழிலிருந்து பத்து மூச்சு எண்ணினால் போதும். சல்பூட்டமால் மூச்சுத்திணறல் வரும் நேரத்துக்கு மட்டும். அதைத் தினசரி மருந்தாக்கினால் அழற்சி கூடும்.

இங்கே ஒன்றைக் கோபத்தோடேயே சொல்ல வேண்டும். இருமுகிற பூனைக்குப் பல நாள் உடம்பில் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆஸ்துமாவானாலும் புழுவானாலும் கட்டியானாலும் அந்த ஊசிக்கு இருமல் சில வாரம் அடங்கும். வீட்டார் சந்தோஷமாகப் போவார்கள். அந்த வாரங்களில் உள்ளே இருப்பது வளரும். லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருந்தால், ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு அதைப் பரிசோதனையில் பிடிப்பதே கடினம். வெளியே தெரியாத இதயக் கோளாறு இருந்த பூனை அந்த ஊசிக்குப் பிறகு மூச்சடைத்து வரும். சர்க்கரை நோய்கூடத் தொடங்கும். மாத்திரையை வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

இருமலும் மெலிவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால், பூனை வெளியே சுற்றித் திரிவதானால், நான் நுரையீரல் புழுவைத் தேடுவேன். ஐலூரோஸ்ட்ராங்கைலஸ் என்பது அதன் பெயர். மயிரிழை போன்ற புழு, நுரையீரலின் கடைசிச் சிறுகுழாய்களில் குடியிருக்கும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுப்புழுக்கள் சளியோடு தொண்டைக்கு ஏறும், பூனை விழுங்கும், மலத்தோடு மண்ணுக்குப் போகும். அங்கே நத்தைக்குள்ளோ, ஓடில்லாத நத்தைக்குள்ளோ நுழைந்து வளரும். பூனை நத்தையைத் தின்பது அபூர்வம். ஆனால் நத்தையைத் தின்ற எலி, பல்லி, ஓணான், தவளை, குருவி ஆகியவற்றைத் தின்னும். அந்த வழியாகப் புழு மறுபடி பூனையின் நுரையீரலுக்குத் திரும்பிவிடுகிறது.

கேளம்பாக்கம் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி. ஆப்பிரிக்க நத்தைகள் சுவரெல்லாம் ஏறிக்கிடந்தன என்று அந்த அம்மா சொன்னார். கருப்பி என்ற பெண் பூனை, இரண்டு வயது, தினம் ஒரு பல்லியாவது பிடிக்கும். இருமல், மங்கிய ரோமம், நல்ல பசி, ஆனால் எடை ஏறவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை கொடுக்கிறோம், புழு எப்படி இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் கிடைக்கும் பைரன்டெல், பிராசிகுவான்டெல் கலந்த மாத்திரை குடலில் இருப்பதை விரட்டும், நுரையீரலில் இருப்பதைத் தொடாது. சாதாரண மலப் பரிசோதனையும் இந்தப் புழுவைத் தவறவிடும், ஏனென்றால் வெளியே வருவது முட்டையல்ல, உயிருள்ள குஞ்சுப்புழு.

இதற்கு பேர்மன் முறை என்று ஒன்று உண்டு. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு புனல், அதன் அடியில் ஒரு ரப்பர் குழாய், குழாயை இறுக்க ஒரு கிளிப். புனலில் வெதுவெதுப்பான தண்ணீர். மலத்தை மெல்லிய துணியில் கட்டி அதில் அமிழ்த்தி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். குஞ்சுப்புழுக்கள் நெளிந்து வெளியேறி அடியில் இறங்கும். காலையில் கிளிப்பைத் தளர்த்திச் சில துளிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வால்நுனி ஆங்கில எஸ் எழுத்தாக வளைந்து முள்ளோடு துடிக்கும். கருப்பியின் முதல் மாதிரியில் ஒன்றுமில்லை. இந்தப் புழு தினமும் வெளியே வராது, விட்டுவிட்டு வரும். அதனால் அடுத்தடுத்த நாள்களின் மலத்தையும் கேட்டு வாங்கினேன். அதில் கிடைத்தது. மாடு ஆடுகளுக்குக் கொடுத்து நமக்கெல்லாம் பழகிய ஃபென்பெண்டசோல்தான் மருந்து. எடைக்கேற்ற அளவில், ஒரே நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து சில நாள். மாசி முடிவதற்குள் கருப்பி அரை கிலோ ஏறியது.

குட்டிகளிடம் வேறு கதை. சாதாரண உருளைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் பயணம் போகும்போது குட்டி இருமும். வயிறு உப்பி உடம்பு வற்றியிருக்கும். அது புழு மருந்திலேயே சரியாகிவிடும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் பாடமும் பயிற்சியும் பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும், அடுத்து நாய். வயதான நாய் இருமினால் முதலில் இதயத்தை நினை என்பது எங்களுக்கு ஊறிப்போன பாடம். பூனையிடம் அது அப்படியே நடக்காது. இதயம் பழுதான பூனை இருமுவது மிகக் குறைவு. இதயத் தசை தடித்துப்போகும் நோய்தான் பூனைகளுக்கு அதிகம். அப்போது நுரையீரலிலோ அதைச் சுற்றியோ நீர் கோக்கும், மூச்சு வேகமாகும், ஓரமாய் ஒதுங்கி ஒடுங்கி உட்காரும், மெல்ல எடை குறையும். இருமுகிறதே என்று நீரிறக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆஸ்துமா பூனைக்கு ஒரு பயனும் இல்லை. இருமவில்லையே என்று விட்டால் இதயப் பூனை போய்விடும். அதனால் வீட்டில் ஒரு வேலை சொல்லித்தருகிறேன். பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். நாள்தோறும் அதற்குமேல் போனால் என்னைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் எண்ணவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். அப்படி வரும் பூனையை நான் எக்ஸ்ரேவுக்குத் தூக்கிப் பிடிப்பதில்லை. முதலில் ஆக்சிஜன் பெட்டி, இருட்டு, அமைதி. திணறும் பூனையைப் படுக்கவைத்து இழுத்துப் பிடித்தால் அந்த மேசையிலேயே உயிர் போய்விடும்.

இளம்பூனை, ஒரு வயதுக்குள், விட்டுவிட்டுக் காய்ச்சல், எலும்பும் தோலும், வேகமான மூச்சு. நெஞ்சில் ஊசி வைத்தால் விரலில் ஒட்டும் மஞ்சள் நிறத் திரவம். இது பூனைகளின் கொரோனா வைரஸ் உடம்புக்குள் உருமாறி வரும் எஃப்.ஐ.பி. பல ஆண்டுகள் இந்தத் திரவத்தைக் கண்டதும் நாங்கள் வீட்டாரிடம் விடைபெறச் சொல்லியிருக்கிறோம். 2019இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜி.எஸ்-441524 என்ற மருந்தால் பூனைகள் பிழைப்பதைக் காட்டியபிறகு எல்லாம் மாறியது. 84 நாள் சிகிச்சை என்பது வழக்கமானது. செலவு கனமானது, ஆனால் பிழைக்கிறது. அந்த நோயில் பிழைத்த பூனை மேசையில் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சண்டைக்காரக் கடுவன்களிடம் இரண்டு வைரஸ்களைத் தேடியே ஆக வேண்டும். ஒன்று பூனைகளின் லுகேமியா வைரஸ், 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் கண்டறிந்தது. மற்றது எச்.ஐ.வி.க்கு உறவான எஃப்.ஐ.வி., 1986இல் அதே டேவிஸில் தெரியவந்தது. அது கடியில்தான் அதிகம் பரவுகிறது. மனிதருக்கு இரண்டுமே தொற்றாது. சில துளி ரத்தம் போதும், ஒரு சிறு பட்டையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த வைரஸ்கள் தாமாக இருமலைத் தருவதில்லை. எதிர்ப்பைக் கெடுத்து மற்ற நோய்களுக்குக் கதவைத் திறந்துவிடும்.

"டிபி-யா டாக்டர்? எங்களுக்கு ஒட்டுமா?" இருமலும் மெலிவும் சேர்ந்தால் நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இராது. மனிதர்களைத் தாக்கும் காசநோய்க் கிருமிக்குப் பூனை எளிதில் இடம் கொடுப்பதில்லை. மாட்டுக் காசநோய்க் கிருமி வேறு. பச்சைப் பாலிலும் பச்சை இறைச்சியிலும் பூனைக்கு வரும். இங்கிலாந்தில் பச்சை இறைச்சி உணவு தின்ற வீட்டுப் பூனைகளுக்கு அது பரவியதும் உண்டு. காய்ச்சாத பால் பூனைக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வயதான பூனைகளிடம் வரிசை தலைகீழ். முதலில் இளைக்கும், பிறகு இருமல் வரும், வராமலும் போகும். பத்து வயது தாண்டிய பூனை அள்ளி அள்ளித் தின்றும் கரைந்துகொண்டே போனால் தைராய்டைப் பார்க்கிறேன், சர்க்கரையைப் பார்க்கிறேன். தண்ணீரை அதிகம் குடித்தால் சிறுநீரகத்தை. ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

சொல்லாமல் ஒளிந்திருப்பது நுரையீரல் கட்டி. பதின்மூன்று வயதுப் பெண் பூனை ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது. முன்காலில் ஒரு விரல் வீங்கி, நகம் உள்ளே போகாமல் நின்றிருந்தது. நகக்கண் புண் என்று வேறொரு இடத்தில் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். நான் மற்றக் கால்களையும் விரல் விரலாக அழுத்திப் பார்த்தேன். பின்காலில் இன்னொரு விரலும் வீங்கத் தொடங்கியிருந்தது. வளர்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "டீச்சர், இது இருமுமா?" என்று கேட்டேன். "எப்பவாவது, முடிக்காகத்தான்" என்றார். பழைய சீட்டைப் பார்த்தால் ஓராண்டில் முக்கால் கிலோ போயிருந்தது. காலுக்கு என்று வந்த பூனையின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தேன். வலது நுரையீரலில் எலுமிச்சை அளவு கட்டி. பூனையின் நுரையீரல் புற்று கால்விரல்களுக்குப் போய் உட்காரும் விசித்திரம் உடையது. பல பூனைகளில் மூச்சுக்கு முன்னால் விரல்தான் காட்டிக்கொடுக்கிறது. அந்த நிலையில் விரலை வெட்டிப் பயனில்லை. மீதி இருப்பது பெரும்பாலும் சில வாரங்கள். வலி மருந்தும் பசிக்கு மருந்தும் கொடுத்தேன், மறைக்காமல் சொன்னேன். டீச்சர் அழவில்லை. எந்த மீன் கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டார்.

மீன் என்றதும் இன்னொன்று. மூக்கடைத்த பூனை நுரையீரல் நோய் எதுவும் இல்லாமலே இளைக்கும். ஹெர்பிஸ், கலிசி வைரஸ் சளியில் மோப்பம் போய்விடும். மோப்பம் இல்லாத உணவைப் பூனை உணவாகவே மதிக்காது. சூடாக்கிய நெத்திலி, வாசம் கிளம்பும் வேகவைத்த கோழி, மூக்கை ஈரத்துணியால் துடைத்துவிடுதல், இவை சில சமயம் மருந்தைவிடப் பெரிய வேலை செய்யும். மூன்று நாள் எதுவும் தின்னாத பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். காத்திருந்து பார்க்கலாம் என்பது அங்கே செல்லாது.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது வீட்டு மருந்து டப்பா. இருமலுக்குக் குழந்தையின் சிரப், காய்ச்சலுக்கு அரை மாத்திரை பாரசிட்டமால், நெஞ்சில் தைலம். அன்பினால் செய்கிறார்கள், அதனால்தான் மனம் பதறுகிறது. பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு சாக்லெட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். சளி, காய்ச்சல் சிரப்புகள் பலவற்றில் அது கலந்திருக்கிறது. கொடுத்துவிட்டது தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு, முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால் காப்பாற்றிவிடலாம். திட்டுவேனோ என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் திட்டியதே இல்லை. என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று மட்டும் சொல்லுங்கள். தைலத்தில் உள்ள கற்பூரமும் யூக்கலிப்டஸும் பூனைக்கு நஞ்சு. மேலே தடவியதை அது நக்கியே தீரும்.

இருமி இளைக்கிற பூனையோடு வருபவர்களிடம் நான் எடுத்துவரச் சொல்பவை: இருமலின் வீடியோ, தூங்கும்போது எண்ணிய மூச்சுக் கணக்கு, கொடுத்த மருந்துகளின் அட்டைகள், எடை எழுதிய பழைய சீட்டுகள், மூடியுள்ள டப்பாவில் அன்றைய மலம். மலத்தை மணல் தட்டிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். தோட்டத்தில் கிடந்ததை அள்ளிவந்தால் மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்கள் அதில் ஏறியிருக்கும். காலையில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எது பூனையின் புழு, எது மண்ணின் புழு என்று பிரிக்க அரை நாள் போய்விடும்.